வீட்டுக்கு ஒரு முகம்

என் முகத்தை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆவணியூர் கூட்ரோட்டில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, பெட்டிக்கடைக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் கட்டியிருந்த பேனரில், தங்க நிற வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். வட்டத்தைச் சுற்றி ரோஜாப்பூ. மஞ்சள் நீராட்டு விழா பேனர்களுக்கு என் தாய்மாமன் திருமுருகன் வழக்கமாகப் போடுகிற வட்டம் அது. மேலே கொட்டை எழுத்தில், 'உயிர் காக்கச் சாலையில் அமர்ந்த உத்தமர்களே! தடுப்பு வாங்கித் தந்த தன்மானச் சிங்கங்களே!' என்று இருந்தது. வார்த்தையில் மட்டும் சொன்னால் போதாது என்று இரண்டு ஓரத்திலும் இரண்டு சிங்கங்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

நான் சாலையில் உட்காரவே இல்லை. அந்தப் பக்கமே போகவில்லை. கொடுமை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உட்கார்ந்தது என் அம்மா தையல்நாயகி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற சவுரியம்மாள், திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடக்கும்போது கார் அடித்துப் போய்ச் சேர்ந்தாள். அந்த இடத்தில் அவள் முதல் ஆள் இல்லை. ஒவ்வொரு சாவுக்கும் மனு கொடுத்து ஓய்ந்துபோன ஊர், அன்றைக்கு அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டது. விக்கிரவாண்டி வரைக்கும் வண்டி நின்றதாகச் சொன்னார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், எழுப்பினார்கள். அடுத்த வாரமே மஞ்சள் விளக்கு ஒன்றும், நகைக்கடை விளம்பரம் எழுதிய இரும்புத் தடுப்புகள் இரண்டும் வந்து இறங்கின. மனு கொடுத்தபோது வராதது மறியல் பண்ணினதும் வந்துவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? பேனர் வைத்தது.

எங்கள் ஊரில் பேனருக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு ஒரு முகம். கல்யாணமோ காதுகுத்தோ கூழ் ஊற்றுகிற திருவிழாவோ, எந்த வீட்டு முகமும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் அந்த வீட்டார் அடுத்த நல்லது கெட்டதுக்குப் படியேற மாட்டார்கள். திண்டிவனத்தில் பேனர் கடை வைத்திருக்கிற மாமாவுக்கு இது மனப்பாடம். மறியலுக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒரு படம் வாங்கினார், கீழே பெயரும் அப்பா பெயரும் போட்டார், முடித்துவிட்டார்.

"இன்னா மாமா பண்ணி வெச்சிருக்க? நான்தான் அன்னிக்கு ஊர்லயே இல்லியே!" என்று அவரிடம் கத்தினேன்.

"உங்க வூட்டுக்கு யார் படத்தப் போடச் சொல்ற? உங்கம்மாகிட்ட ஆதார்ல இருக்கற படந்தான் இருக்குது. அதப் போட்டா போலீஸ் தேடிக்கினு இருக்கற ஆளு மாதிரி இருக்கும். நீ அப்ளிகேஷனுக்கு எடுத்த ஸ்டுடியோ படம் என் செல்லுல இருந்துச்சு. மகாலட்சுமி மாதிரி இருக்குதே பாப்பா!"

"நான் போலீஸ் வேலைக்குப் போறவ மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன். நாலு பேர் பாக்கட்டும். ஒரு வாரத்துல கழட்டிடுறேன், போ."

சொன்னபடி கழற்றினார். அந்த பேனர் இப்போது எங்கள் வீட்டில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை மூட்டைகளின் மேல் தார்ப்பாயாகக் கிடக்கிறது. மழை ஒழுகாமல் காப்பாற்றுகிறது. அந்த ஒரு நன்மையையும் சொல்லாமல் விடக் கூடாது.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? திண்டிவனத்தில், மைதானத்தில். காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல் மூன்றுக்கும் நாள் முழுக்கப் பயிற்சி. என்னோடு பயிற்சி எடுத்தவள் கெடாரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த இசைவாணி. ஓட்டத்தில் நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடுவேன், பந்து எறிவதில் அவள் என் தோளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுப்பாள். ஒரே வாட்டர் பாட்டில், ஒரே டப்பா சுண்டல். இருவருமே தேறினோம். சான்றிதழ் பார்த்தார்கள், மருத்துவப் பரிசோதனை முடிந்தது. பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை மட்டும். 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்த ஏட்டு, என்னைப் பார்த்தார். திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் பேர்ல கேஸ் இருக்குதே. சாலை மறியல்."

எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அவர் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதே பேனர். அதே ரோஜாப்பூ. சிங்கம் கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

மறியல் அன்றைக்கே வழக்கு போட்டுவிட்டார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, பொதுவழியை மறித்தது, அதிகாரி சொல்லைக் கேட்காதது. அப்போது பெயர் யாருக்கும் தெரியவில்லை. 'ஆவணியூர் பொதுமக்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெயர், தகப்பன் பெயர், வண்ணப்படம் எல்லாவற்றையும் நாங்களே நெடுஞ்சாலையில் கட்டி விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம். தேடி அலைய வேண்டிய வேலை அவர்களுக்கு ஏது? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட ஊர் எங்கள் ஊர். அதிலும் மாமா விட்டது என் மடியில்.

பேனரில் இருந்த இருபத்துமூன்று பேரும் குற்றவாளிகள். சாலையில் உட்கார்ந்து, பேனரில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் உத்தமர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மா சொன்னதில்லை.

விஷயம் தெரிந்ததும் டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. "நான் அப்பவே சொன்னேன், ரோட்டுல உக்காந்தா பேஜாருன்னு. கலெக்டராண்ட மனு குடுத்துக்கினு இருந்திருக்கணும்" என்றது ஒரு கட்சி. "குடுத்த மனுவெல்லாம் எங்க போச்சு? உக்காந்ததாலதான தடுப்பு வந்துச்சு" என்றது இன்னொரு கட்சி. டீ ஆறுகிற வரைக்கும் பேசினார்கள். உட்காராதவள் மேல் ஏன் வழக்கு என்று இரண்டு கட்சியிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மாமாவும் நானும் திண்டிவனத்தில் வக்கீல் தென்னரசுவைப் போய்ப் பார்த்தோம். ஊர் மொத்தத்துக்கும் அவர்தான் வக்கீல். நிதானமாகச் சொன்னார்:

"கேஸ் நடந்துக்கினு இருந்தா வேலை குடுக்க மாட்டாங்கம்மா. ஒத்துக்கினு ஃபைன் கட்டினா தண்டனைன்னு ஆயிடும், அதுவும் போச்சு. சந்தேகத்தோட பலன்னு சொல்லி விட்டாலும் ஒத்துக்க மாட்டாங்க. நீ அங்க இல்லவே இல்லன்னு சுத்தமா வெளிய வரணும்."

"நான் அங்க இல்லவே இல்ல சார். ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அங்கதாம்மா சிக்கல். யார் சொல்றது? நீ அங்க இல்லன்னு சொல்றவன் அங்க இருந்திருக்கணும். மத்தவங்க எல்லாருக்கும் நான் சொல்லி வெச்சிருக்கறது, 'அப்படி ஒரு மறியலே நடக்கல, நாங்க யாரும் போகல'ன்னு. ஒருத்தன் வாயத் தொறந்து 'நான் இருந்தேன், இந்தப் பொண்ணு இல்ல'ன்னா, மொத்தப் பேரும் மாட்டிக்கினாங்க."

ஆக, நடந்த மறியலை நடக்கவில்லை என்று இருபத்திரண்டு பேர் சொன்னால்தான் அவர்கள் தப்பலாம். நடந்தது என்று ஒருவராவது சொன்னால்தான் நான் தப்பலாம். மாமா வக்கீல் வீட்டு வாசல்படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டுவதற்குக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

எனக்கு மிச்சமிருந்தது இசைவாணி. அவளோடுதான் அன்றைக்கு முழுக்க இருந்தேன். அவள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன். வந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"பானு, உனக்காக நான் இன்னா வேணாலும் பண்ணுவேன்டி. ஆனா அந்த ஃபைல்ல என் பேரு வந்துட்டா? சாட்சின்னா கூட எனக்கும் விசாரணை நிக்குது. எங்கப்பா படுத்துக்கினு இருக்காரு. இந்த வேலைய நம்பித்தான் எங்க வூடே இருக்குது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "போடி, நீயும் ஒரு மனுஷியா" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஊரு சொல்லலன்னா போவட்டும். உக்காந்தது நான். நானே சொல்றேன்" என்றாள். அப்பா, "ஊர்ப் பகை வேணாம் தையலு" என்றார். "ஊரு என் பொண்ணுக்கு சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இருந்தார். மறியல் அன்றைக்கு வந்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீ நாளைக்கு யூனிஃபார்ம் போட்டு வர்ற. இதே மாதிரி ரோட்ட மறிச்சிக்கினு உக்காந்திருக்காங்க. பின்னாடி ஆம்புலன்ஸ் நிக்குது, உள்ள ஒரு புள்ளத்தாச்சி. நீ இன்னா பண்ணுவ? அன்னிக்கு அப்படித்தான் நின்னுச்சு, தெரியுமா?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. பதில் அம்மாதான் சொன்னாள்.

"நின்ன ஆம்புலன்ஸுக்கு வழி வுட்டது யாரு சார்? நான்தான் மொதல்ல எழுந்தேன், எல்லாப் பொம்பளைங்களையும் நவுத்தினேன். ஆம்புலன்ஸ் பின்னாடியே நாலு காருக்காரன் பூந்துக்கினு வந்தான் பாருங்க, அவனுங்களத்தான் வுடல. என் பொண்ணு அன்னிக்கு ஊர்லயே இல்ல. உக்காந்தது நான். என் பேர எழுதிக்கினு அவ பேர எடுத்துடுங்க."

"நீங்க இருந்தீங்கன்னு எப்படிம்மா நம்பறது?"

அம்மா சேலையை விலக்கி இடது கையை மேசைமேல் நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, வளையல் உடைந்து கிழித்த தழும்பு.

"மறந்துட்டீங்களா? நீங்கதான சார் என் கையப் புடிச்சி இழுத்தீங்க. கண்ணாடி வளையல் நொறுங்கிப் போச்சு. ரத்தத்தப் பாத்துட்டு நீங்களே 'அய்யோ'ன்னு கைய வுட்டீங்க."

எஸ்.ஐ. அந்தத் தழும்பைப் பார்த்தார். "பொம்பளப் போலீஸ் வர்றதுக்கு லேட்டாச்சும்மா, அதனாலதான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். ஏட்டு குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி இருந்தார். எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது.

"நீங்க அங்க இல்லம்மா."

"இன்னா சார் சொல்றீங்க?"

"பேனர்ல உங்க படம் இல்ல. நீங்க அன்னிக்கு அங்க இல்ல. பொண்ணு மேல பாசத்துல வந்து சொல்றீங்க. போங்கம்மா, மிச்சத்த கோர்ட்டுல பாத்துக்கலாம்."

ஆண் போலீஸ் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார் என்று எழுதுவதைவிட, அந்தப் பெண் அங்கே இல்லவே இல்லை என்று சொல்வது அவருக்குச் சுலபம். அம்மா தழும்புக் கையை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. நான்தான் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்று என் அம்மா அழுதாள். புருஷன் திட்டினாலும் அழாதவள், "நான் இல்லியாமே பானு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கல்லெடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. எறிந்தால் அதற்கு வழக்கு வரும், அதுவாவது உண்மையான வழக்காக இருந்திருக்கும்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதாலும், அதை மறைத்து 'இல்லை' என்று எழுதியதாலும் என்னை நிராகரித்துவிட்டார்கள். நான் மறைத்தேனாம்! இசைவாணி பயிற்சிக்குப் போனாள். நான் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன். அம்மா ஸ்டேஷனுக்குப் போய் வாயைத் திறந்தது தெரிந்து ஊரில் பாதிப்பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். வாய்தாவுக்கு வாய்தா, இருபத்துமூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப்போய், கோர்ட் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு வருவோம். ஒரு தடவை அரசுத் தரப்புச் சாட்சி வரவில்லை. ஒரு தடவை வக்கீல்கள் புறக்கணிப்பு. கூப்பிட்டால் "ஐயா" என்று கை தூக்க வேண்டும், மறு தேதி வாங்க வேண்டும். மறியலில் நெடுஞ்சாலை நின்றது ஒரு மத்தியானம். என் வண்டி நின்றது நின்றதுதான்.

போன மாசம் அடுத்த காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. என் வயதுக்கு அது கடைசி வாய்ப்பு. தென்னரசு கூப்பிட்டுச் சொன்னார்: "சாட்சி விசாரணை ஆரம்பிக்கப் போவுது. நீ அங்க இருந்தன்னு சொல்ல ஒரு சாட்சியும் அவங்ககிட்ட இல்ல. சுத்தமா விடுதலை ஆக நல்ல வாய்ப்பு இருக்குது. அதுவரைக்கும் எந்தக் கூட்டத்துப் பக்கமும் போயிடாத தாயி." விண்ணப்பித்தேன். காலையில் எழுந்து மறுபடி ஓட ஆரம்பித்தேன்.

இதற்கிடையில் எங்கள் வெற்றிச் சின்னத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடுப்புகளில் ஒன்றை லாரி இடித்து நசுக்கிவிட்டது. இன்னொன்றை யாரோ பெரிய மனிதர் வருகைக்காக வேறு இடத்துக்கு வண்டியில் ஏற்றிப்போனார்கள், திரும்ப வரவில்லை. மஞ்சள் விளக்கு எப்போது அணைந்தது என்றே யாருக்கும் தெரியாது. மனு கொடுத்தோம். மறுபடி கொடுத்தோம்.

போன வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற கலைப்பிரியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். வேன் அடித்தது. உயிர் இருந்தது. வலது கால் இருந்த நிலையைப் பார்த்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் மருந்துக்கடைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவள் சைக்கிள் மணி தனியாகக் கழன்று என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஊர் திரண்டது. ஆனால் சாலையில் இறங்கவில்லை. பேனர்ச் சிங்கங்கள் எல்லாரும் பெட்டிக்கடை ஓரமாகவே நின்றார்கள். "நம்ம மேல கேஸ் இருக்குதுப்பா, நாம உக்காரக் கூடாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வழக்கு என்ன வேலை செய்யும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தண்டனையே வேண்டாம், வாய்தா போதும்.

அம்மா மட்டும் நேரே போனாள். போய் அந்த ரத்தத்துக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே பேனரில் இல்லாத பெண்கள் ஏழெட்டுப் பேர். வண்டிகள் ஆரன் அடித்தன. ஒருவன் ஜன்னலைத் திறந்து, "ஏய், வேற வேல இல்ல உங்களுக்கு?" என்று கத்தினான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வா என்று பார்க்கவில்லை. "நீ பஸ்ஸுக்குப் போடி, ஜல்தி போ!" என்று கையை ஆட்டி விரட்டினாள்.

போயிருக்கலாம். விண்ணப்பம் இருக்கிறது, வயது இருக்கிறது, சுத்தமான விடுதலை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஆனால் இத்தனை நாள் ஒதுங்கி நின்றதற்கு எனக்கு என்ன கிடைத்தது? உட்கார்ந்தவளை இல்லை என்றார்கள், இல்லாதவளை உட்கார்ந்தாள் என்றார்கள். என் காலடியில் அந்த மணி கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினேன். தார் சுட்டது. அம்மா, "பாவி, உன் வேல போயிடுமேடி!" என்று முதுகில் அடித்தாள். அடித்த கையாலேயே என்னைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பெட்டிக்கடை ஓரத்திலிருந்து மாமா பழக்கத்தில் செல்போனைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போலீஸ் வேன் வந்தது. இந்தத் தடவை பெண் போலீசார் முதலிலேயே இறங்கினார்கள். புது யூனிஃபார்ம், மடிப்புக் கலையவில்லை. எங்கள் வரிசைக்கு வந்து குனிந்தவள் என் கையைப் பிடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

இசைவாணி.

"பானு... எழுந்துருடி. ப்ளீஸ். அப்புறம் உன்ன எடுக்கவே மாட்டாங்கடி. நான் பாக்கலன்னு சொல்லிடுறேன், நீ இங்க இல்லன்னு சொல்லிடுறேன். போயிடு."

அந்த வார்த்தைக்காக நான் அன்றைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் காலில் விழாத குறையாக நின்றேன். இப்போது தானாகக் கொடுக்கிறாள், அதுவும் பொய்யாக. அவள் கண் கலங்கியிருந்தது. கை என் கையை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பந்து எறிய என் தோளைத் திருப்பிக் கொடுத்த கை.

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும், இசை" என்றேன். "இன்னிக்கு எங்க இருக்கேன்னும் பாத்துட்ட. என் பேர எழுதிக்கோ. எங்கம்மா பேரையும் சேத்து எழுது."